ஹைப்பேசியா

ஹைப்பேசியா (இறப்பு: மார்ச் 415) உரோமப் பேரரசுக்கு உட்பட்டிருந்த எகிப்தின் அலெக்சாந்திரியா நகரில் வாழ்ந்த கணிதவியலாளரும் வானியலாளரும் மெய்யியலாளரும் ஆவார். பண்டைய உலகைக் களமாகக் கொண்ட வரலாற்றுப் புனைவுகளில் அடிக்கடி இடம்பெறும் பெண்களுள் இவரும் ஒருவர். எனினும் புனைவுகளில் வரும் ஹைப்பேசியா பெரும்பாலும் இளம்பெண். வரலாற்றில் அவர் நடுவயதைக் கடந்த ஆசிரியை.

வாழ்க்கை

இவர் பிறந்த ஆண்டை 350 முதல் 370 வரை ஆய்வாளர்கள் பலவாறு கணிக்கின்றனர். தந்தை தியோன், யூக்ளிடின் வடிவியல் நூலைப் பதிப்பித்த அறிஞர். தாலமியின் அல்மாகெஸ்ட் நூலுக்குத் தாம் எழுதிய உரையின் மூன்றாம் பகுதியில், பாடத்தைச் சீர்செய்தவர் தம் மகளே என்று தியோன் குறித்துள்ளார். டயோபாண்டஸ், அப்பலோனியஸ் ஆகியோரின் நூல்களுக்கு ஹைப்பேசியா எழுதிய உரைகள் அவர் பெயரில் இன்று கிடைக்கவில்லை.

இவர் கிறித்தவர் அல்லர்; ஆயினும் மாணவர்களுள் கிறித்தவரும் இருந்தனர். அவர்களுள் ஒருவரான சைனேசியஸ் பின்னாளில் ஆயரானார். அவர் ஹைப்பேசியாவுக்கு எழுதிய ஏழு கடிதங்கள் எஞ்சியுள்ளன. ஒன்றில் நீர்மங்களை அளக்கும் கருவியொன்றைச் செய்வித்துத் தருமாறு கேட்கிறார். மற்றொன்றை நோய்ப்படுக்கையில் இருந்தபடி சொல்லி எழுதுவித்தார்.

கொலை

412 இல் ஆயரான சிரிலுக்கும் நகரின் ஆளுநர் ஒரெஸ்டஸுக்கும் அதிகாரப் போட்டி மூண்டது. ஆளுநர் ஹைப்பேசியாவிடம் அறிவுரை கேட்பவர். ஆகவே இருவரும் இணங்காமைக்கு இவரே காரணம் என்னும் வதந்தி பரவியது. 415 மார்ச்சில் ஒரு கும்பல் இவரது வண்டியை மறித்து, தேவாலயம் ஒன்றுக்குள் இழுத்துச் சென்று, ஓட்டுச் சில்லுகளால் கொன்று, உடலை எரித்தது. இதனைப் பதிவு செய்து கண்டித்த வரலாற்றாசிரியர் சாக்ரடீஸ் ஸ்கொலாஸ்டிகஸ் தாமும் ஒரு கிறித்தவரே.

புனைவுகளில்

சார்லஸ் கிங்ஸ்லியின் 'ஹைப்பேசியா' (1853) புதினம் இவரை இருபத்தைந்து வயது அழகியாகக் காட்டுகிறது. அதில் ஒரெஸ்டஸ் இவரை மணக்க முயல்கிறார். கொலையுண்டபோது ஹைப்பேசியாவுக்கு நாற்பத்தைந்துக்குக் குறையாத வயது. அறுபது என்போரும் உண்டு. இப்புதினத்தைத் தழுவி சார்லஸ் வில்லியம் மிட்செல் 1885 இல் வரைந்த ஓவியமும் இளம்பெண்ணையே காட்டுகிறது. 'அகோரா' (2009) திரைப்படத்தில் இவர் புவியின் நீள்வட்டப் பாதையை உய்த்துணர்கிறார். இதற்குச் சான்று இல்லை. செராபியம் கோயில் அழிப்புடன் இவரைத் தொடர்புபடுத்தும் பழைய நூல் எதுவுமில்லை. இவர் காலத்து உருவப்படமும் கிடையாது. இன்று பரவலாகக் காணப்படும் பக்கத்தோற்றப் படம் 1908 இல் வரையப்பட்டது.