விக்டோரியா நகரில் 17 ஆண்டுகள்: நாடு கடத்தப்பட்ட பேராக் சுல்தான்

தெலுக் இந்தானில் வயதானவர்கள் பலர் இன்னும் தெலுக் அன்சன் என்றுதான் சொல்கிறார்கள். தோட்டத்தில் வேலை செய்து, தெலுக் அன்சனில் இரயில் ஏறி, தெலுக் அன்சன் மருத்துவமனையில் பிள்ளை பெற்றவர்கள். 1982-ஆம் ஆண்டில் பெயர் மாறியது. அவர்களின் நாக்கு மாறவில்லை.

யார் அந்த அன்சன்? சர் ஆர்ச்சிபால்ட் அன்சன். பினாங்கின் துணைக் கவர்னர். மூன்று முறை நீரிணைக் குடியேற்றங்களின் தற்காலிகக் கவர்னராகவும் இருந்தவர். 1882-இல் இந்த ஊருக்கு அவர் பெயரை வைத்தார்கள். அதற்கு முன்பு இது மாக் இந்தான் என்ற வணிகப் பெண்மணியின் பெயரால் அறியப்பட்ட ஆற்றோரக் குடியிருப்பு. சரியாக நூறு ஆண்டுகள் கழித்து அந்த அம்மையாரின் பெயரே திரும்பி வந்தது.

ஆனால், இந்த ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு சுல்தான் வாழ்ந்தார். பாத்தாக் ராபிட்டில் அவருடைய இருப்பிடம். அவர் பெயரை யாரும் இந்த ஊருக்கு வைக்கவில்லை. மாறாக, ஓர் ஆங்கிலேய அரசியின் பெயரைத் தாங்கிய ஊருக்கு அவரைக் கப்பல் ஏற்றி அனுப்பினார்கள். அவர்தான் பேராக்கின் 26-ஆவது சுல்தான், சுல்தான் அப்துல்லா முகமட் ஷா.

1842-ஆம் ஆண்டு செப்டம்பர் 21-ஆம் தேதி பிறந்தவர். தந்தை சுல்தான் ஜாபார். முறைப்படி பார்த்தால் அரியணை அவரைத் தேடி வந்திருக்க வேண்டும். 1871-இல் சுல்தான் அலி காலமானபோது அப்துல்லா ராஜா மூடா, அதாவது பட்டத்து இளவரசர். ஆனால், சுல்தானின் நல்லடக்கத்திற்கு அவர் போகவில்லை. பேராக் வழக்கப்படி, மறைந்த சுல்தானை அடக்கம் செய்வதற்கு முன் புதிய சுல்தானைத் தேர்ந்தெடுத்துவிட வேண்டும். வராதவருக்காக யார் காத்திருப்பார்கள்? பெண்டஹாரா ராஜா இஸ்மாயில் சுல்தான் ஆக்கப்பட்டார்.

அந்த ஒரு பயணம் போகாததால் வந்த வினை பேராக்கின் வரலாற்றையே திருப்பிப் போட்டது.

அதே காலத்தில் லாருட்டில் ஈயச் சுரங்கங்களுக்காக கீ ஹின், ஹாய் சான் என்ற இரு சீன ரகசியக் கும்பல்கள் வெட்டிக்கொண்டு கிடந்தன. அப்துல்லா ஒரு குறுக்கு வழி பார்த்தார். சிங்கப்பூரின் பெரிய வணிகர் டான் கிம் சிங்கைப் பிடித்தார். தம்மை அரியணையில் ஏற்ற உதவினால் லாருட்டின் வரிக் குத்தகை பத்தாண்டுகளுக்கு அவருக்கு என்று உறுதியும் கொடுத்தார். அவர் மூலமாகக் கவர்னர் சர் ஆண்ட்ரூ கிளார்க்கிற்குக் கடிதம் போனது. தமக்கு ஆட்சி முறையைக் கற்றுக் கொடுக்க ஓர் ஆங்கிலேய அதிகாரியை அனுப்பும்படி அந்தக் கடிதம் கேட்டது.

1874 ஜனவரி 20. பங்கோர் தீவுக்கு அருகில் நின்ற புளூட்டோ கப்பலில் உடன்படிக்கை கையெழுத்தானது. அப்துல்லா சுல்தான் ஆனார். அப்போது அவருக்கு வயது 31. மலாய்க்காரர்களின் சமயம், பழக்க வழக்கங்கள் தவிர்த்து மற்ற எல்லாவற்றிலும் ரெசிடெண்ட்டின் ஆலோசனையைக் கேட்க வேண்டும், கேட்டபடி நடக்கவும் வேண்டும் என்பது நிபந்தனை. தீபகற்பத்து மலாய் மாநிலங்களில் ஆங்கிலேயர்களின் ஆட்சி நுழைந்த கதவு அதுதான். அதைத் திறந்து வைத்தவர் அப்துல்லாவே. அவரைக் குற்றமற்ற தியாகி என்று சொல்லிவிட முடியாது.

அரியணை கிடைத்ததா என்றால், அதுவும் பாதிதான். ராஜா இஸ்மாயில் அந்தக் கூட்டத்திற்கே வரவில்லை. அரசச் சின்னங்களையும் கொடுக்க மறுத்துவிட்டார். அந்தச் சின்னங்கள் இல்லாமல் முறையான முடிசூட்டு விழா நடத்த வழியில்லை.

1874-இன் இறுதியில் ஜே.டபிள்யூ.டபிள்யூ. பெர்ச் முதல் ரெசிடெண்ட்டாக வந்து சேர்ந்தார். அவசரக்காரர். மலாய் மொழி சரியாகத் தெரியாதவர். ஆற்றில் போகும் படகுகளுக்கு வரி வாங்குவது தலைவர்களின் பிழைப்பு. அதை நிறுத்தப் பார்த்தார். கடனுக்கு அடிமையானவர்கள் தப்பி ஓடி வந்தபோது அடைக்கலம் கொடுத்தார். கடன் அடிமை முறை கொடுமையானது என்பதில் நமக்குச் சந்தேகம் இல்லை. ஆனால், தலைவர்களின் கண்ணில் அது அவர்களின் உடைமையைத் திருடும் செயல். சுல்தானையும் பெர்ச் பலர் முன்னிலையில் அவமதித்தார்.

வெறுத்துப் போன அப்துல்லா ஆவிகளை அழைக்கும் சடங்கு நடத்தி, மாவில் பெர்ச்சின் உருவம் செய்து குத்தினார் என்று ஆங்கிலேயர்களின் விசாரணையில் சாட்சியம் சொல்லப்பட்டது. பிறகு 1875 ஜூலை மாதம் டுரியான் செபாத்தாங்கில் தலைவர்கள் கூடினார்கள். இன்றைய தெலுக் இந்தான் வட்டாரம்தான் அது. பெர்ச்சைக் கொல்வது என்று முடிவானது. மகாராஜா லேலா அந்தப் பொறுப்பை ஏற்றார்.

நவம்பர் 2-ஆம் தேதி, பாசிர் சாலாக். புதிய அறிவிப்புகளை ஒட்டுவதற்காகப் போன பெர்ச், ஆற்றோரக் குளியல் தட்டியில் குளித்துக் கொண்டிருந்தபோது ஈட்டியால் குத்திக் கொல்லப்பட்டார். இந்தியாவில் இருந்தும் ஹாங்காங்கில் இருந்தும் படைகள் வந்து இறங்கின. மகாராஜா லேலாவும் டத்தோ சாகோரும் தூக்கிலிடப்பட்ட நாள் 1877 ஜனவரி 20. பங்கோர் உடன்படிக்கை கையெழுத்தாகிச் சரியாக மூன்று ஆண்டுகள்!

அப்துல்லாவின் மீது நீதிமன்றத்தில் வழக்கு நடக்கவில்லை. சிங்கப்பூரில் ஒரு விசாரணை, நிர்வாகக் குழுவின் முடிவு, அவ்வளவுதான். 1877-இல் அவரையும் லாருட் மந்திரி ஙா இப்ராகிமையும் லக்சமானாவையும் ஷாபண்டாரையும் சிஷெல்ஸ் தீவுகளுக்குக் கப்பல் ஏற்றினார்கள். அதே 1877-இல் சில மாதங்கள் தற்காலிகக் கவர்னர் நாற்காலியில் அமர்ந்திருந்தவர் யார் தெரியுமா? அன்சன். ஐந்து ஆண்டுகள் கழித்து அப்துல்லாவின் ஆற்றங்கரைக்குத் தன் பெயரைக் கொடுத்த அதே அன்சன்.

சிஷெல்ஸ் எங்கே இருக்கிறது? இந்தியப் பெருங்கடலில், ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே. அதன் முக்கியத் தீவு மாஹே. பிரெஞ்சுக்காரர்கள் அங்கே கட்டிய குடியிருப்புக்கு அரசரின் குடியிருப்பு என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள். ஆங்கிலேயர்கள் வந்தார்கள். 1841-இல் அதை விக்டோரியா ஆக்கினார்கள். அரசர் போய் அரசி வந்தார்.

அந்தக் காலத்தில் விக்டோரியா என்ற பெயர் உலக வரைபடம் முழுக்கத் தெளிக்கப்பட்டது. ஆஸ்திரேலியாவில் ஒரு மாநிலம், கனடாவில் ஒரு நகரம், ஆப்பிரிக்காவில் ஓர் ஏரி. நம் லாபுவான் நகருக்கும் ஒரு காலத்தில் அதே பெயர். அதற்கும் முன்பே பினாங்கின் ஜார்ஜ் டவுன், மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் பெயரைப் பெற்றுவிட்டது. அந்த அரசர்களும் அரசிகளும் இந்த ஊர்களை எட்டிக்கூடப் பார்த்தது இல்லை.

அப்துல்லாவுக்கு அப்போது வயது 34. குடும்பத்தோடு சில காலம் பெலிசித்தே என்ற சின்னத் தீவிலும் பிறகு விக்டோரியா நகரிலும் வாழ்ந்தார். ஊர் திரும்ப அனுமதி கேட்டு மனு மேல் மனு எழுதினார். அந்த மனுக்களுக்குப் பல ஆண்டுகள் பலன் இல்லை. அவர் இல்லாத காலத்தில்தான் தெலுக் அன்சன் என்ற பெயர் வந்தது. 1885-இல் சாய்ந்த கோபுரம் எழுந்தது. 1893-இல் தாப்பா ரோட்டில் இருந்து இரயில் வந்தது. அதன் பின்னால் நம்மவர்கள் தோட்டங்களை நோக்கி வந்தார்கள்.

கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை வேலூரில் சிறை வைத்த கதை தமிழர்களுக்குத் தெரியும். அவர் வேலூரிலேயே இறந்து போனார். அப்துல்லாவுக்கு அந்தக் கதி நேரவில்லை. ஆனால், ஒருவரைக் கடல் தாண்டி அனுப்பிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்ற பழக்கம் ஆங்கிலேயர்களுக்குப் பிடித்துப் போனது. அப்துல்லாவுக்குப் பிறகு அஷாந்தி மன்னர் பிரெம்பே, புன்யோரோ மன்னர் கபலேகா என்று ஆப்பிரிக்க அரசர்களும் அதே சிஷெல்ஸ் தீவுகளுக்கு அனுப்பப்பட்டார்கள்.

அந்தத் தீவில் இருந்து பேராக்கிற்கு ஒரு பொருள் வந்து சேர்ந்தது. ஒரு மெட்டு. மாஹே தீவில் பிரபலமாக இருந்த பிரெஞ்சு மெட்டு ஒன்று சுல்தானின் குடும்பத்துக்குப் பிடித்துப் போய், பேராக்கின் மாநிலப் பண் ஆனது என்று சொல்வார்கள். எப்படி வந்தது என்பதில் ஒன்றுக்கு மேற்பட்ட கதைகள் உண்டு. ஆனால், 1957-இல் அந்தப் பேராக் பண்ணின் மெட்டுதான் நெகாராகூ ஆனது என்பதில் இரண்டாவது கருத்து இல்லை. திங்கட்கிழமை காலையில் நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் நிமிர்ந்து நின்று பாடுவது அந்த மெட்டைத்தான்.

1890-களின் நடுவில், ஏறக்குறைய 17 ஆண்டுகளுக்குப் பிறகு, அப்துல்லா சிங்கப்பூர் வரை திரும்ப அனுமதி கிடைத்தது. அதன் பின் பினாங்கு. பேராக் மண்ணில் மீண்டும் கால் வைக்கும்போது வயது எண்பதைத் தொட்டுவிட்டது. 1922 டிசம்பர் 22-ஆம் தேதி கோலகங்சாரில் காலமானார். பேராக்கில் மறைந்த சுல்தான்களுக்குப் புதிதாக ஒரு பெயர் சூட்டுவது மரபு. அவருக்கு மர்ஹும் ஹபிபுல்லா என்ற பெயர் சூட்டப்பட்டது.

அவருடைய மகன்களில் ஒருவர் ராஜா சர் சூலான். ஆங்கிலேயர்களின் காலத்திலேயே கூட்டரசு மன்றத்தில் உறுப்பினராக இருந்து பேசியவர். சூலான் என்பது பழைய மலாய் வரலாற்று நூலான செஜாரா மெலாயுவில் வரும் அரசர் பெயர். சோழன் என்பதன் திரிபு என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். கோலாலம்பூரில் கவர்னர் வெல்ட் பெயரில் இருந்த வெல்ட் சாலை இன்று ஜாலான் ராஜா சூலான். மோனோரயிலில் போனால் புக்கிட் பிந்தாங்கிற்கு அடுத்த நிறுத்தம் அவர் பெயரில்தான் இருக்கிறது.