திவாலான நகரில் பங்கு கேட்டவர்

1906-ம் ஆண்டு அக்டோபர் 22-ந் தேதி. சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி திவாலாகிவிட்டது!

ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சேமிப்பு அதில் இருந்தது. வெள்ளைக்கார கம்பெனி, பணம் பத்திரமாக இருக்கும் என்று நம்பிப் போட்டவர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். லண்டனில் இருந்த கூட்டாளி வியாபாரச் சூதாட்டத்தில் பணத்தை விட்டிருந்தார்.

பணத்தை இழந்தவர்களுக்காக வாதாடியவர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி அய்யர். 1863-ல் திருவிடைமருதூரில் பிறந்தவர். கம்பெனி முதலாளி சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல் கிடைத்தது. ஆனால் அவர் ஜெயிலுக்குப் போனால், போன பணம் வருமா?

நம்மவர் பணத்துக்கு நம்மவர் பாங்கி வேண்டும் என்றார் அய்யர். 20 லட்சம் ரூபாய் மூலதனத்தில் திட்டம் போட்டார். பாங்கி என்றாலே ஊர் நடுங்கிய நேரம் அது! அப்போதுதான் வீடு வீடாகப் பங்கு சேர்க்க வேண்டியிருந்தது. பங்கு என்பது டெபாசிட் அல்ல. லாபம் வந்தால் பங்கு உண்டு. நஷ்டம் வந்தால் போட்டது போகும். அதைத் தெரிந்தும் பலர் வாங்கினார்கள். நாட்டுக்கோட்டை நகரத்தார் பெரிதும் கைகொடுத்தார்கள்.

1907 ஆகஸ்ட் 15-ந் தேதி இந்தியன் பாங்கி திறந்தது. (நாற்பது ஆண்டு கழித்து அதே தேதியில் சுதந்திரம்!)

அய்யர் பிறகு ஐகோர்ட்டு நீதிபதியானார். 1911 டிசம்பரில், 48-வது வயதில் காலமானார். 1969-ல் அந்தப் பாங்கி அரசுடைமை ஆனது.