எப்வேர்த்துக் குருமனையின் தாய்

பிள்ளைகள் நாள்தோறும் செபிக்க வேண்டும், வேதாகமம் வாசிக்க வேண்டும் என்று சொல்லாத பிரசங்கியார் இல்லை. அப்பழக்கத்தை ஒரு வீட்டில் எவ்வாறு உண்டாக்குவது என்று செய்து காட்டியவர்களோ மிகச் சிலர். அச்சிலருள் முதலிடம் சூசன்னா வெஸ்லி அம்மையாருக்கே உரியது என்பது என் துணிபு. மெதடிஸ்த இயக்கத்தைத் தோற்றுவித்த ஜோன் வெஸ்லியையும், ஞானப் பாட்டுக்களால் புகழ்பெற்ற சார்ல்ஸ் வெஸ்லியையும் பெற்றவர் என்றே உலகம் அவரை அறியும். நான் அவரை ஓர் ஆசிரியையாகவே எண்ணிப் பார்க்கிறேன்.

அம்மையார் 1669ஆம் ஆண்டு இலண்டனிற் பிறந்தார். தந்தையார் இங்கிலாந்துத் திருச்சபையினின்று விலகி நின்ற போதகர். மகளோ பதின்மூன்று வயதளவிலேயே தாமாக ஆராய்ந்து அத்திருச்சபையிற் சேர்ந்துகொண்டார். 1688இல் சாமுவேல் வெஸ்லியை மணந்தார். பின்னர் எப்வேர்த் என்னும் சிற்றூரின் குருமனை அவர்கள் இல்லமாயிற்று. பிள்ளைகள் 19 பேர். அவர்களில் 9 பேர் சிசுப் பருவத்திலேயே மறைந்தனர். வறுமையோ வாசலை விட்டு நீங்கவில்லை. 1705இல் கணவர் கடனுக்காகச் சிறை சென்றார்.

இந்த வீட்டிலேதான் ஒழுங்கு நிலவியது. குழந்தைக்குப் பேச்சு வந்தவுடன் கர்த்தருடைய செபத்தைக் கற்பிப்பார். எழும்போதும் படுக்கும்போதும் அதனைச் சொல்ல வேண்டும். ஐந்து வயதானதும் எழுத்துப் பயிற்சி தொடங்கும். எழுத்துக்களைக் கற்க ஒரே நாள்! மறுநாளே ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தை எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்குவர். பெண்பிள்ளைகள் நன்றாக வாசிக்கப் பழகும்வரை அவர்களைத் தையல் வேலையில் அமர்த்தலாகாது என்பதும் அவர் வகுத்த விதி. அக்காலத்தில் இஃது அரியது.

1709 பெப்ரவரியில் குருமனை எரிந்து போயிற்று. ஐந்து வயது ஜோனை மேல்மாடிச் சாளரத்தின் வழியாக மீட்டெடுத்தனர். பிள்ளைகள் பல வீடுகளுக்குச் சிதறினர். ஆண்டுக்கணக்காகப் பயின்ற ஒழுங்கு சில மாதங்களிற் குலைந்தது. திரும்பி வந்தபோது அவர்கள் நாவிற் புன்சொற்கள் ஏறியிருந்தன, ஓய்வுநாளையும் மறந்திருந்தனர். பழக்கம் என்பது எத்துணை மெல்லிய கொடி என்பதை அறிந்த தாய், மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார். காலையிற் பள்ளி தொடங்கும்போதும் மாலையில் முடியும்போதும் சங்கீதம் பாடுவித்தார். மாலை ஐந்து மணியானதும், மூத்த பிள்ளை பேச வல்ல கடைசிப் பிள்ளையையும், இரண்டாவது பிள்ளை அதற்கடுத்த சின்னப் பிள்ளையையும் தனியே அழைத்துச் செல்லும். அன்றைய சங்கீதங்களையும் புதிய ஏற்பாட்டில் ஓர் அதிகாரத்தையும் பெரியவர் வாசிக்கச் சிறியவர் கேட்பர். காலையிற் சங்கீதங்களோடு பழைய ஏற்பாடு. அதன்பின் தனிச் செபம். அதற்குப் பின்னரே காலையுணவு.

இந்த ஏற்பாட்டின் நுட்பத்தை ஆசிரியர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். தம்பிக்காக வாசிக்கும் அண்ணன் தன் வாசிப்பை எப்படித் தவறவிடுவான்?

அவருடைய முறைகள் யாவும் எனக்கு உடன்பாடல்ல. ஒரு வயதான அளவிலேயே பிரம்புக்கு அஞ்சி மெல்ல அழப் பழக்கியதை இன்று எந்த ஆசிரியரும் ஒப்பார். ஆயினும் குற்றத்தை உண்மையாய் ஒப்புக்கொண்ட பிள்ளைக்கு அடியில்லை என்னும் விதியும் அவ்வீட்டில் இருந்தது.

இனி நம்மவர் அறிய வேண்டிய செய்தி ஒன்று. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்து தமிழ் கற்றுத் தொண்டாற்றிய சீகன்பால்கு முதலிய தென்மார்க்கு மிஷனரிமாரின் வரலாறு ஆங்கிலத்தில் வெளிவந்திருந்தது. 1711-12 குளிர்காலத்தில் மூத்த மகள் எமிலியா அந்நூலைக் கண்டெடுத்தாள். அதைப் படித்துக் கேட்ட அம்மையாரின் உள்ளம் பல நாள் அடங்கவில்லை. தாம் ஆணுமல்லர், குருவுமல்லர். ஆயினும் தம் பிள்ளைகளுக்கு இன்னும் அதிகம் செய்யலாமே என எண்ணினார். ஒவ்வொரு மாலையும் ஒரு பிள்ளையோடு தனித்திருந்து அதன் ஆன்ம நிலை பற்றிப் பேசுவது என முடிவுசெய்தார். திங்கள் மொலிக்கு, செவ்வாய் ஹெட்டிக்கு, வியாழன் ஜோனுக்கு, சனி சார்ல்சுக்கு என நாட்கள் பகிரப்பட்டன. தமிழ்க் கடற்கரையில் நிகழ்ந்த தொண்டு அக்குருமனையில் ஏற்றிய விளக்கு அது. அந்த ஜோனின் வழிவந்த மிஷனரிமார் 1814இல் இலங்கையில் இறங்கி யாழ்ப்பாணத்துக்கும் வந்தனர்.

அதே குளிர்காலத்தில், கணவர் இலண்டன் சென்றிருந்தபோது, வீட்டார்க்கென நடத்திய ஞாயிறு மாலை வழிபாட்டுக்கு அயலவரும் வந்து ஏறக்குறைய 200 பேர் கூடினர். உதவிக் குருவானவர் முறையிட்டார், கணவரும் தயங்கினார். நிறுத்த விரும்பினால் வேண்டுகோள் போதாது, தெளிவான கட்டளையே வேண்டும் என அம்மையார் எழுதிவிட்டார். கட்டளை வரவில்லை.

பிள்ளைகள் யாவரும் இன்புற்று வாழ்ந்தனர் என்று சொல்ல முடியாது. கவிபாட வல்ல ஹெட்டியின் மணவாழ்வு பெருந்துயராய் முடிந்தது. ஆயினும் ஜோன் வளர்ந்து ஒக்ஸ்போர்ட்டில் இருந்த நாளில், சிறுவயதில் தமக்குத் தந்த அந்த வியாழன் மாலைப் பொழுதிற் சிறிதைத் தமக்காக மீண்டும் ஒதுக்குமாறு தாய்க்கு எழுதிக் கேட்டார். அதுவே தம் உள்ளத்தைத் திருத்தும் என நம்பினார். 1732இல் அவர் வேண்டியபடியே அம்மையார் தம் வளர்ப்பு முறையை விரிவாக எழுதி அனுப்பினார். நாம் இன்று அறிவனவற்றுட் பல அக்கடிதத்தால் அறிந்தவையே.

1742 ஜூலையில் அம்மையார் இலண்டனிற் காலமானார். உயிர் பிரிந்தவுடன் கடவுளைத் துதித்து ஒரு சங்கீதம் பாடுமாறு பிள்ளைகளிடம் முன்னமே சொல்லியிருந்தார். ஜோனும் சகோதரிகளும் கட்டிலைச் சூழ நின்று அவ்வாறே பாடினர்.