ஸாஹிராவிலிருந்து கராச்சி வரை: மர்ஹூம் ரி. பி. ஜாயா

அரசறிவியல் பாடத்தில் டொனமூர், சோல்பரி என்று படித்துக்கொண்டு போகும்போது ரி. பி. ஜாயா என்ற பெயர் வந்து போகும். கொழும்பில் டாலி வீதிக்கும் இன்று அவர் பெயர்தான். ஆனால் அவர் யார் என்று கேட்டால், மலாய்ச் சமூகத்தவர் என்பதோடு எங்களில் பலர் நிறுத்திவிடுவோம்.

துவான் புர்ஹானுத்தீன் ஜாயா 1890 ஜனவரி 1ஆம் திகதி கலகெதரயில் பிறந்தார். படித்தது கிறிஸ்தவப் பாடசாலையான புனித தோமஸ் கல்லூரியில். கற்பித்தது கண்டி தர்மராஜா, மொரட்டுவை வேல்ஸ் இளவரசர் கல்லூரி, கொழும்பு ஆனந்தா ஆகியவற்றில். 1921இல் மருதானை ஸாஹிராவின் அதிபரானார். அப்போது அங்கே சுமார் 60 மாணவர்கள்தாம். 27 வருடங்கள் அந்தக் கதிரையில் இருந்து, அதை நாட்டின் முன்னணிக் கல்லூரிகளில் ஒன்றாக்கினார். அளுத்கம, கம்பளை, மாத்தளை என்று கிளைகளும் முளைத்தன.

ஆச்சரியம் என்னவென்றால், இந்தக் காலம் முழுவதும் அரசியலிலும் இருந்தார். 1924இல் முஸ்லிம்களுக்கான மூன்று ஆசனங்களில் ஒன்றை வென்று சட்டநிரூபண சபைக்குச் சென்றார். டொனமூர் யாப்பு இனவாரிப் பிரதிநிதித்துவத்தை ஒழித்தது. 1936இல் அரசாங்க சபைக்கு நியமனம் பெற்றார்.

சிறுபான்மைக்குத் தனி ஆசனம் வேண்டும் என்று வாதாடிய அதே மனிதர், 1945இல் டொமினியன் அந்தஸ்துக் கோரிக்கை சபைக்கு வந்தபோது நிபந்தனை எதுவும் போடாமல் ஆதரித்தார். எங்கள் வீட்டில் இதைப் பற்றி மூத்தாப்பாவுக்கும் எனக்கும் பெரிய விவாதம். பேரம் பேசியிருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. வெள்ளைக்காரனிடம் சலுகை வாங்கிக்கொண்டு அயலவரோடு வாழ முடியாது என்று ஜாயா கணக்கிட்டிருப்பார் என்பது என் எண்ணம். மூத்தாப்பா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

1947இல் கொழும்பு மத்தியில் வென்று, சுதந்திர இலங்கையின் முதலாவது அமைச்சரவையில் தொழில், சமூக சேவைகள் அமைச்சரானார். மலையகத் தமிழர் பெரும்பாலானோரைப் பிரஜாவுரிமை இல்லாதவர்களாக்கிய 1948ஆம் ஆண்டுச் சட்டம் அந்த அமைச்சரவை கொண்டுவந்தது. தொழிலாளருக்குப் பொறுப்பான அமைச்சர் அவர். இந்த இடத்தில் எனக்கு மனம் சங்கடப்படுகிறது. அவரைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

1948இல் ஸாஹிராவை ஏ. எம். ஏ. அஸீஸ் பொறுப்பேற்றார். 1942இல் நம் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக வந்து, இங்கே முஸ்லிம் கல்விச் சங்கம் தொடங்கியவர் அவரே.

1950இல் ஜாயா அமைச்சுப் பதவியை விட்டு, பாகிஸ்தானுக்கான இலங்கை உயர்ஸ்தானிகராகக் கராச்சி சென்றார். 1960இல் ஹஜ்ஜுக்காகப் புறப்பட்டவர், மே 31ஆம் திகதி மதீனாவில் வஃபாத்தானார். ஜன்னத்துல் பகீயில் நல்லடக்கம் செய்யப்பட்டார்.