கல்யாண மேடையில் கருத்தடை பேசிய பெரியார்: அரசின் கணக்கு வேறு, அவர் கணக்கு வேறு!

2025 மார்ச்சில் நாகப்பட்டினத்தில் ஒரு திருமண விழா. மணமக்களை வாழ்த்திய முதலமைச்சர் மு.க.ஸ்டாலின், குழந்தை பெறுவதைத் தள்ளிப்போடச் சொன்ன காலம் போய்விட்டது, இனி தாமதிக்க வேண்டாம் என்ற பொருளில் பேசினார். வீடியோ வைரலானது. பேச்சுக்குப் பின்னால் இருந்தது தொகுதி மறுவரையறை. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய தமிழ்நாட்டுக்கு நாடாளுமன்ற இடங்கள் குறைந்துவிடுமோ என்ற கவலை.

இதே போன்ற கல்யாண மேடைகளில், கிட்டத்தட்ட நூறு வருஷத்துக்கு முன்னால் ஒருத்தர் நேர் எதிராகப் பேசிக்கொண்டிருந்தார். பிள்ளை பெறுவதைத் தள்ளிப்போடுங்கள், குறைத்துக்கொள்ளுங்கள், முடிந்தால் வேண்டாம் என்றே சொல்லுங்கள் என்று. அவர் பெரியார் ஈ.வெ.ராமசாமி.

திருச்சியிலிருந்து காவிரியைத் தாண்டி ஸ்ரீரங்கம் போனால், ராஜகோபுரத்துக்கு எதிரே அவர் சிலை இருக்கும். 2006 டிசம்பரில் அந்தச் சிலை திறக்கப்படுவதற்கு முன்பே உடைக்கப்பட்டது, மாநிலமே பரபரப்பானது, பிறகு வேறு சிலை வைக்கப்பட்டது. இதெல்லாம் பலருக்கும் ஞாபகம் இருக்கும். அந்தச் சிலையை வைத்து நடக்கும் விவாதம் எப்போதும் கடவுளைப் பற்றித்தான். கருத்தடை பற்றி அவர் பேசியது மட்டும் யார் வாயிலும் வருவதில்லை. ஆனால் இன்றைய தமிழ்நாட்டு வீடுகளில் எத்தனை பிள்ளைகள் என்ற கேள்விக்கு நெருக்கமாக இருப்பது அந்தப் பேச்சுதான்.

ஈரோட்டு வியாபாரி வீட்டுப் பையன்

1879 செப்டம்பர் 17-ல் ஈரோட்டில் வசதியான வணிகக் குடும்பத்தில் பிறந்தவர் பெரியார். 19 வயதில் கல்யாணம். மணப்பெண் நாகம்மையாருக்கு அப்போது 13 வயது. அந்தக் காலத்தில் இது யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை. ஒரு பெண் குழந்தை பிறந்தது, ஐந்தே மாதத்தில் இறந்துவிட்டது. அதன்பிறகு அவர்களுக்குக் குழந்தை இல்லை.

அதே வீட்டில் இன்னொரு விஷயம் நடந்தது. அவருடைய தங்கை மகள் சின்ன வயதிலேயே கல்யாணமாகி, சின்ன வயதிலேயே விதவையானார். சொந்தபந்தம் முழுக்க எதிர்த்தும் 1909-ல் அந்தப் பெண்ணுக்கு மறுமணம் செய்துவைத்தார் பெரியார். அவர் அரசியலுக்கே வராத காலம் அது. பெண்களைப் பற்றிப் பின்னால் அவர் எழுதியதற்கெல்லாம் முதல் ஆதாரம் சொந்த வீட்டில் பார்த்ததுதான் என்று தாராளமாகச் சொல்லலாம்.

1919-ல் காங்கிரஸ், 1925-ல் அதிலிருந்து வெளியேற்றம். அதே 1925 மே மாதம் தொடங்கிய 'குடி அரசு' வார இதழ்தான் அவருடைய பெரிய ஆயுதமானது.

அப்போது கருத்தடை பற்றி யார் பேசினார்கள்?

பேசியவர்கள் இருந்தார்கள். பம்பாயில் ஆர்.டி.கார்வே 1921-லேயே ஆலோசனை மையம் தொடங்கினார். அந்தப் பிரசாரத்துக்காகக் கல்லூரி வேலையையே இழந்தார். மைசூர் சமஸ்தானம் 1930-ல் அரசு மருத்துவமனையில் கருத்தடை கிளினிக் திறக்க உத்தரவிட்டது. சென்னையில் உயர் நீதிமன்ற நீதிபதி வேபா ராமேசம் போன்றவர்கள் சேர்ந்து நியோ மால்தூசியன் லீக் என்ற சங்கமே நடத்தினார்கள்.

அவர்களிடம் ஆதாரம் இருந்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, உணவு உற்பத்தி, சாவு விகிதம் என்று அட்டவணைகள் இருந்தன. 1920-களில் இந்தியர்களின் சராசரி ஆயுள் 30-ஐக்கூடத் தொடவில்லை. ஆனால் பேச்சு பெரும்பாலும் ஆங்கிலத்தில். கேட்டவர்கள் வக்கீல்கள், டாக்டர்கள், ஓய்வுபெற்ற அதிகாரிகள். எட்டு பிள்ளை பெற்றுவிட்டு ஒன்பதாவதைச் சுமக்கும் பெண்ணின் காதுக்கு அது போய்ச் சேரவே இல்லை.

எதிர்ப்பும் சாதாரணமானதில்லை. காந்தி கருத்தடைச் சாதனங்களை ஏற்கவில்லை, சுய கட்டுப்பாடு போதும் என்றார். 1935 டிசம்பரில் அமெரிக்காவின் மார்கரெட் சாங்கர் வார்தாவுக்கே வந்து வாதாடியும் அவர் மாறவில்லை.

பெரியார் என்ன மாற்றினார்?

இரண்டு விஷயம். ஒன்று காரணம், இன்னொன்று மேடை.

காரணத்தை முதலில் பார்ப்போம். கருத்தடையை ஆதரித்த மற்றவர்கள் தாயின் உடல்நலம், குடும்ப வறுமை, சொத்து துண்டாகிப் போவது, நாட்டின் பொருளாதாரம் என்று காரணம் அடுக்கினார்கள். 'கர்ப்பத்தடை' என்ற கட்டுரையில் பெரியார் இவற்றை எடுத்துச் சொல்லிவிட்டு, தன் காரணம் இவற்றில் எதுவும் இல்லை என்று தனியாகப் பிரிந்து நிற்கிறார். பெண் சுதந்திரமாக இருக்க வேண்டும், அதற்குப் பிள்ளைப்பேறு தடையாக இருக்கிறது, ஆகவே அதை நிறுத்தும் அதிகாரம் அவள் கையில் வேண்டும். அவருடைய வாதம் இவ்வளவுதான். உடம்பு நன்றாக இருந்தாலும் சரி, வீட்டில் பணம் கொட்டிக் கிடந்தாலும் சரி, இந்த வாதம் மாறாது.

கவனித்துப் பார்த்தால் இது ரொம்பப் பெரிய வித்தியாசம். நாட்டில் ஜனத்தொகை அதிகம் என்பது காரணமானால், ஜனத்தொகை குறைந்ததும் அந்தக் காரணம் செத்துவிடும். பெண்ணின் விருப்பம் என்பது காரணமானால் சாகாது.

அந்தக் கட்டுரை பின்னால் 'பெண் ஏன் அடிமையானாள்?' என்ற புத்தகத்தில் ஒன்பதாவது அத்தியாயமாக வந்தது. மொத்தம் பத்து அத்தியாயம். கடைசி அத்தியாயத்தில் அவர் இன்னும் ஒரு படி தாண்டிப் போகிறார். பெண்கள் பிள்ளை பெறுவதையே நிறுத்திவிட்டால் உலகம் என்னாவது என்று கேட்பவர்களுக்கு, மனித இனம் பெருகாவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம் என்று திருப்பிக் கேட்கிறார். இன்றைக்கு சோஷியல் மீடியாவில் போட்டாலும் சண்டை வரும் கருத்து இது. அவர் வேண்டுமென்றே அதிர வைத்தார் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அந்த அதிர்ச்சியால் விலகிப் போனவர்களும் உண்டு.

சாப்பாட்டுப் பந்திக்கு முன்னால் ஒரு பிரசாரம்

இப்போது மேடை. கருத்தடை பற்றிக் கூட்டம் போட்டால் பெண்கள் வருவார்களா? 1930-ல் நிச்சயமாக வர மாட்டார்கள். ஆனால் கல்யாணத்துக்கு வருவார்கள். மாமியார், நாத்தனார், பாட்டி, பக்கத்து வீட்டுக்காரர் எல்லாரும் வருவார்கள். பந்தி போடும்வரை யாரும் எழுந்து போகவும் மாட்டார்கள்!

1928-ல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் தொடங்கிய சுயமரியாதைத் திருமணங்களில் புரோகிதர் கிடையாது, மந்திரம் கிடையாது. அந்த இடத்தை நிரப்பியது சொற்பொழிவு. மணமக்கள் சம உரிமையோடு வாழ்வது, ஆடம்பரச் செலவைத் தவிர்ப்பது, பிள்ளைகளைக் குறைத்துக்கொள்வது என்று புதுத் தம்பதியை முன்னால் உட்கார வைத்துக்கொண்டே பேசினார்கள். கேட்கிற பெரியவர்கள் நெளிந்திருப்பார்கள். ஆனாலும் கேட்டார்கள்.

பேச்சோடு நிற்கவில்லை. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாடு, பெண்ணின் திருமண வயது 16-க்கு மேல் இருக்க வேண்டும், பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும், விவாகரத்து உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்த சாரதா சட்டம் நிர்ணயித்த வயது 14 மட்டுமே. கல்யாண வயது தள்ளிப்போனால் முதல் பிரசவம் தள்ளிப்போகும், மொத்தப் பிள்ளைகளின் எண்ணிக்கையும் குறையும். இன்றைய மக்கள்தொகை ஆய்வாளர்கள் சொல்லும் அடிப்படைப் பாடம் இது. 1936-ல் 'கர்ப்ப ஆட்சி' என்ற தனிப் புத்தகமும் 'குடி அரசு' வட்டாரத்திலிருந்து தமிழில் வெளிவந்தது. ஆங்கிலம் தெரிந்தவர்களுக்குள் சுற்றிக்கொண்டிருந்த விவரம் தமிழில் கைக்குக் கிடைத்தது.

மனைவி இறந்த மறுநாள், திருச்சியில்

1933 மே 11. நாகம்மையார் இறந்துபோனார். மறுநாளே பெரியார் திருச்சிக்குக் கிளம்பினார். அங்கே ஒரு கிறிஸ்தவ ஜோடிக்குச் சுயமரியாதைத் திருமணம் ஏற்பாடாகியிருந்தது. எதிர்ப்பு கிளம்பி 144 தடை உத்தரவும் போட்டிருந்தார்கள். தடையை மீறித் திருமணத்தை நடத்தினார், கைதானார்.

ஒரு கல்யாணத்துக்கு இவ்வளவா என்று தோன்றலாம். அந்த மேடையை விட்டால் அவருக்குக் குடும்பங்களுக்குள் போக வேறு வழி இல்லை. அதனால்தான் இந்தத் திருமணங்கள் மேல் சட்டத்தின் அடியும் விழுந்தது. 1953-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஆயிரக்கணக்கான ஜோடிகள், அவர்களின் பிள்ளைகள் நிலை கேள்விக்குறியானது. 1967-ல் அண்ணா ஆட்சியில் சட்டம் நிறைவேறியபிறகே அது தீர்ந்தது. ஏற்கெனவே நடந்த திருமணங்களையும் அந்தச் சட்டம் செல்லும் என்று ஏற்றது.

பின்னாளில் பெரியார் அதிகம் தங்கிய ஊர்களில் ஒன்றாகத் திருச்சி மாறியது. புத்தூரில் இருக்கும் பெரியார் மாளிகை ஊர்க்காரர்களுக்குத் தெரியும். 1965-ல் அவர் கொடுத்த நிலமும் பணமும் சேர்ந்துதான் இன்றைய தந்தை பெரியார் அரசு கலைக்கல்லூரி உருவானது.

அதே ஊரில் இன்னொன்றும் இருக்கிறது. நாகம்மையார் குழந்தைகள் இல்லம். ஆதரவில்லாமல் விடப்பட்ட குழந்தைகளைப் பெரியாரும் மணியம்மையாரும் எடுத்து வளர்த்த இடம். அப்பா பெயர் தெரியாத பிள்ளைகளுக்கு ஈ.வெ.ரா.ம. என்பதே இனிஷியலானது. பிள்ளைப்பேறு வேண்டாம் என்று எழுதியவர் எதற்குக் குழந்தைகள் இல்லம் நடத்தினார் என்று கேட்டால், அவர் பேச்சைச் சரியாகக் கேட்கவில்லை என்று அர்த்தம். விரும்பாமல் பெற வேண்டிய கட்டாயம் இருக்கும்வரை, பிறந்த மறுநாளே கைவிடப்படும் குழந்தையும் இருக்கும். அந்தக் குழந்தைகளே அவர் பக்கத்து ஆதாரம். அட்டவணையில் இல்லை, தொட்டிலில் இருந்தது.

அரசு வந்தது, காரணம் மாறியது

1952-ல் உலகிலேயே முதல் நாடாக இந்தியா குடும்பக் கட்டுப்பாட்டை அரசுத் திட்டமாக அறிவித்தது. முதல் ஐந்தாண்டுத் திட்டத்தில் ஒதுக்கீடு 65 லட்சம் ரூபாய். 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஆர்.ஏ.கோபாலசாமி, மூன்று குழந்தைக்கு மேல் பிறக்கும் ஒவ்வொரு பிரசவத்தையும் நாட்டுக்குச் சுமையாகக் கணக்குப் போட்டுக் காட்டினார். பின்னர் சென்னை மாகாணம் அறுவைச் சிகிச்சை செய்துகொள்வோருக்குப் பணம் கொடுக்கத் தொடங்கியது. நாட்டிலேயே முன்னோடி அதுதான். அப்போது ஆபரேஷன் டேபிளுக்கு அதிகம் போனது ஆண்கள்.

பெரியார் கேட்ட வசதி வந்துவிட்டது. அவர் சொன்ன காரணம் மட்டும் வரவில்லை. அரசு பார்த்தது தலைக்கணக்கு. எத்தனை ஆபரேஷன், எத்தனை பிறப்பு குறைந்தது என்பதே கேள்வி. இந்தப் பார்வை எங்கே கொண்டுபோய் விடும் என்பது நெருக்கடி நிலையில் தெரிந்தது. 1976-77-ல் ஒரே ஆண்டில் நாடு முழுக்க 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைச் சிகிச்சைகள், அதுவும் பல மாநிலங்களில் கட்டாயப்படுத்தி. அதைப் பார்க்க அவர் இல்லை. 1973 டிசம்பர் 24-ல் வேலூரில் காலமாகியிருந்தார். வயது 94.

தமிழ்நாட்டில் பிள்ளைகள் குறைய அவர்தான் காரணமா?

முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. 1990-களின் தொடக்கத்திலேயே தமிழ்நாட்டின் கருவுறுதல் விகிதம், அதாவது ஒரு பெண் சராசரியாகப் பெறும் குழந்தைகள், 2.1 என்ற அளவுக்கு வந்துவிட்டது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில் இது 1.8. பெண் கல்வி, சத்துணவு, கிராமம்வரை போன பஸ்ஸும் நர்ஸும், தாமதமான கல்யாணம் என்று காரணங்கள் பல. சுயமரியாதை இயக்கப் பிரசாரத்தையும் ஆய்வாளர்கள் அதில் சேர்க்கிறார்கள். கல்யாணப் பேச்சுகளின் பலனைத் தனியாகப் பிரித்து அளக்க எந்த ஸ்கேலும் கிடையாது. ஆனால் அரசு நர்ஸ் வீட்டுக் கதவைத் தட்டியபோது, அந்தப் பேச்சு இங்கே பலருக்குப் புதிதாக இல்லை என்பதை மறுப்பது கஷ்டம்.

இன்னொரு கணக்கும் அதே ஆய்வில் இருக்கிறது. தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள். ஆண்கள் பக்கம் அது ஒரு சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. நெருக்கடி நிலை முடிந்ததும் ஆண்களுக்கான ஆபரேஷனைத் தொடவே அரசுகள் பயந்தன, மொத்தப் பாரமும் மெல்லப் பெண்கள் பக்கம் நகர்ந்தது. திருச்சி ஆனாலும் ஸ்ரீரங்கம் ஆனாலும், இரண்டாவது பிரசவம் முடிந்த கையோடு அடுத்து என்ன என்ற கேள்வி இன்றும் பெரும்பாலும் பெண்ணிடம்தான் கேட்கப்படுகிறது. கூட வந்த கணவரிடம் யாரும் கேட்பதில்லை.