பாடம் எடுக்கவில்லை, பார்த்தார்! மரியா மாண்டிசோரி குழந்தைகளிடம் கண்டுபிடித்தது என்ன?

ரோம் நகரத்தின் சான் லொரென்சோ பகுதி. சுமார் மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, மரக்கட்டையில் இருக்கும் குழிகளில் சின்னதும் பெரிதுமான உருளைகளைப் பொருத்திக்கொண்டிருக்கிறாள். எல்லாவற்றையும் பொருத்தி முடித்ததும் வெளியே எடுத்துவிட்டு, மறுபடியும் முதலில் இருந்து ஆரம்பிக்கிறாள்.

பக்கத்தில் இருந்த டாக்டர் ஒருவர் அதை எண்ண ஆரம்பித்தார். மற்ற குழந்தைகளைப் பாடச் சொன்னார். சிறுமி திரும்பவில்லை. அவளை நாற்காலியோடு தூக்கி மேஜை மேல் வைத்தார். உருளைகளை மடியில் அள்ளிக்கொண்டு அவள் வேலையைத் தொடர்ந்தாள். 40 தடவைக்கு மேல் செய்த பிறகு, தானாகவே நிறுத்தி, சந்தோஷமாக நிமிர்ந்து பார்த்தாள்.

சின்னக் குழந்தைகளால் ஒரே வேலையில் கவனமாக இருக்க முடியாது என்று உலகமே நம்பிக்கொண்டிருந்த காலம் அது. அந்த நம்பிக்கையை எண்ணிப் பார்த்துச் சந்தேகப்பட்ட டாக்டர்தான் மரியா மாண்டிசோரி.

யார் இவர்?

1870 ஆகஸ்ட் 31-ல் இத்தாலியின் கியாரவாலே என்ற சிற்றூரில் பிறந்தார். பெண்கள் டாக்டருக்குப் படிப்பதே அபூர்வமாக இருந்த நாட்களில், 1896-ல் ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் வாங்கினார். அதன்பின் மனநல மருத்துவப் பிரிவில் வேலை. அறிவு வளர்ச்சி குறைந்த குழந்தைகளை அப்போது பெரியவர்களுக்கான மனநலக் காப்பகங்களிலேயே அடைத்து வைத்திருந்தார்கள்.

அங்கே நடந்த ஒரு சம்பவத்தை அவரது வாழ்க்கை வரலாற்றை எழுதியவர்கள் தவறாமல் சொல்வார்கள். சாப்பாடு முடிந்ததும் குழந்தைகள் தரையில் விழுந்து ரொட்டித் துணுக்குகளைத் தேடினார்கள். பேராசை பிடித்தவர்கள் என்று பணியாளர் அருவருப்போடு சொன்னார். மாண்டிசோரி அறையைச் சுற்றிப் பார்த்தார். வெறும் சுவர்கள். கையில் எடுத்து விளையாட ஒரு பொருள்கூட இல்லை. குழந்தைகள் தேடியது தீனியை இல்லை, கைக்கு ஒரு வேலையை என்று அவருக்குப் பட்டது.

இருவரும் பார்த்தது ஒரே காட்சிதான். ஒருவர் உடனே தீர்ப்பு சொல்லிவிட்டார். இன்னொருவர் சூழலையும் சேர்த்துப் பார்த்தார். கல்வி ஆராய்ச்சியில் இன்றைக்கு 'உற்றுநோக்கல் முறை' என்று சொல்கிறோமே, அதன் அடிப்படை இதுதான்.

இந்தக் குழந்தைகளுக்காக 1900-ல் ரோமில் தொடங்கிய பள்ளியில் அவர் பயிற்சி கொடுத்தார். இட்டார், செகன் என்ற இரண்டு பிரெஞ்சு மருத்துவர்களின் வழிமுறைகளை எடுத்துக்கொண்டார். அங்கே படித்த சிலர் சாதாரணப் பள்ளிக் குழந்தைகளுக்கான தேர்விலேயே பாஸானார்கள். எல்லோரும் பாராட்டினார்கள். மாண்டிசோரிக்கோ வேறு கேள்வி. இவர்களே இவ்வளவு செய்ய முடியும் என்றால், மற்ற பிள்ளைகளை நம் பள்ளிகள் எவ்வளவு பின்னால் பிடித்து வைத்திருக்கின்றன?

ஆய்வகமாக மாறிய ஒரு அறை

பதில் தேட வாய்ப்பு கிடைத்தது 1907-ல். சான் லொரென்சோவில் ஏழைத் தொழிலாளர்களின் குடியிருப்புகளைப் புதுப்பித்த நிறுவனத்துக்கு ஒரு தலைவலி. பெற்றோர் வேலைக்குப் போனதும் வாண்டுகள் சுவரைக் கிறுக்கிப் பாழாக்கின. அவர்களை அடக்கி உட்கார வைக்க ஒரு அறை ஒதுக்கினார்கள். ஜனவரி 6-ல் அது 'குழந்தைகள் இல்லம்' என்ற பெயரில் திறக்கப்பட்டது.

கல்வி அறிவியல் என்ற பேரில் அன்றைக்குப் பல இடங்களில் நடந்தது, குழந்தைகளின் உயரம், எடை, தலைச் சுற்றளவை அளப்பது. மாண்டிசோரியும் மானுடவியல் பாடம் நடத்தியவர், அளந்தவர்தான். ஆனால் பெஞ்சில் அசையாமல் உட்கார வைத்த குழந்தையை எத்தனை அளந்தாலும், அது எப்படிக் கற்கிறது என்று தெரியாது என்றார். அதனால் முதலில் குழந்தையைச் சுதந்திரமாக விட வேண்டும், அப்புறம்தான் பார்க்க வேண்டும். பொருத்தமான பொருட்களைக் கொடு, குறுக்கே போகாதே, என்ன செய்கிறது என்று குறித்துக்கொள். பிறகு சூழலை மாற்றி, மறுபடியும் பார்.

ஒருநாள் ஆசிரியை தாமதமாக வந்தார். பொருட்கள் இருந்த அலமாரியை முந்தின நாள் பூட்ட மறந்திருந்தார். வந்து பார்த்தால், குழந்தைகளே வேண்டியதை எடுத்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். இதைத் திருட்டு என்று சொல்லித் தண்டித்திருக்கலாம். எது தேவை என்று இவர்களுக்கே தெரிகிறது என்று மாண்டிசோரி புரிந்துகொண்டார். பூட்டிய அலமாரி போய், குழந்தை கைக்கு எட்டும் உயரத்தில் திறந்த அலமாரி வந்தது. இன்றும் மாண்டிசோரி வகுப்புகளின் அடையாளம் அது.

இன்னொரு கண்டுபிடிப்பும் முக்கியம். குழந்தைகளின் வேலையை நேரவாரியாக வரைபடமாகக் குறித்தார்கள். காலையில் கொஞ்ச நேரம் வேலை செய்தபின் வகுப்பே சலசலக்கும். களைத்துவிட்டார்கள் என்று நினைத்து ஆசிரியர் தலையிடுவது அந்த நேரத்தில்தான். தலையிடாமல் விட்டபோதோ, பலர் தாங்களாகவே அமைதியாகி முன்பைவிடக் கஷ்டமான வேலையைக் கையில் எடுத்தார்கள். அதைப் 'பொய்யான களைப்பு' என்று மாண்டிசோரி குறிப்பிட்டார்.

புகழும், ஒரு நியாயமான கேள்வியும்

1909-ல் புத்தகம் வந்தது. 1915-ல் சான் பிரான்சிஸ்கோ உலகக் கண்காட்சியில் கண்ணாடிச் சுவர் வைத்த ஒரு மாண்டிசோரி வகுப்பை நடத்தினார்கள். வெளியே ஜனங்கள் வேடிக்கை பார்க்க, உள்ளே குழந்தைகள் பாட்டுக்கு வேலை செய்தார்கள்.

ஆனால் விமர்சனமும் வந்தது. அமெரிக்கக் கல்வியாளர் வில்லியம் கில்பாட்ரிக் 1914-லேயே இந்த முறையைக் கடுமையாக விமர்சித்து ஒரு நூல் எழுதினார். அடிப்படையில் ஒரு சிக்கல் இருக்கத்தான் செய்கிறது. பார்ப்பவர் தான் எதிர்பார்ப்பதை மட்டுமே பார்த்துவிடலாம். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு மாண்டிசோரியிடம் இல்லை. பொருட்களை வடிவமைத்தவர், கவனித்தவர், முடிவு சொன்னவர் எல்லாம் பெரும்பாலும் ஒருவரே. அதனால்தான் இன்றைய ஆய்வுகளில் ஒரே வகுப்பை இரண்டு பேர் தனித்தனியாகக் கவனித்துக் குறித்து, ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்கிறார்கள்.

தன் பிள்ளையைப் பார்க்க முடியாத தாய்

ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் உற்றுப் பார்த்தவருக்குத் தன் மகன் வளர்வதைப் பக்கத்தில் இருந்து பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. சக மருத்துவர் மாண்டிசானோவுடனான உறவில் 1898-ல் மரியோ பிறந்தான். கல்யாணம் ஆகாத தாய் என்று தெரிந்தால் அவரது தொழில் வாழ்க்கையே முடிந்துவிடும். குழந்தையைக் கிராமத்தில் ஒரு குடும்பத்திடம் விட்டார். அவ்வப்போது போய்ப் பார்ப்பார், அம்மா என்று சொல்லாமலே. மரியோ அவரோடு வந்து சேர்ந்தபோது வயது 15. அப்புறமும் வெகுகாலம் வெளியே உறவுக்காரப் பையன் என்றே சொல்லப்பட்டார்.

முசோலினி அரசு முதலில் மாண்டிசோரியை ஆதரித்தது, பிறகு மோதல் வந்து 1934-ல் இத்தாலியில் அவரது பள்ளிகள் மூடப்பட்டன. 1939-ல் பிரம்மஞான சபையின் அழைப்பில் தாயும் மகனும் சென்னை அடையாறுக்கு வந்தார்கள். 1940-ல் இத்தாலி போரில் இறங்க, பிரிட்டிஷ் அரசுக்கு இருவரும் எதிரி நாட்டவர் ஆனார்கள். மரியோவைச் சிறை முகாமுக்கு அனுப்பினார்கள். மாண்டிசோரி அடையாறு வளாகத்தை விட்டு வெளியேறக் கூடாது என்றார்கள். அவரது 70-வது பிறந்தநாளையொட்டி மரியோ விடுவிக்கப்பட்டார்.

அடுத்த சில ஆண்டுகளைக் கொடைக்கானலில் கழித்தார்கள். வெவ்வேறு வயதுக் குழந்தைகள் மலைப்பகுதியின் செடிகொடிகள், பூச்சிகளோடு பழகுவதைக் கவனித்தபடி, தொடக்கப்பள்ளி வயதினருக்கான தனது திட்டத்தை அங்கேதான் விரிவாக்கினார். பிறந்தது முதல் குழந்தை சுற்றுப்புறத்தை எப்படி உறிஞ்சிக்கொள்கிறது என்று பேசும் அவரது புகழ்பெற்ற நூல் 1949-ல் வெளியானதும் சென்னையில்தான். 1952 மே 6-ல் நெதர்லாந்தில் காலமானார்.

நமக்கு என்ன?

'மாண்டிசோரி' என்ற பெயரை எந்தப் பள்ளி வேண்டுமானாலும் போர்டில் எழுதிக்கொள்ளலாம். பிள்ளையைச் சேர்க்கப் போகிறீர்கள் என்றால் கலர் பொம்மைகளை மட்டும் பார்க்காதீர்கள். இங்கே ஆசிரியர்கள் குழந்தைகளைக் கவனித்துக் குறித்து வைக்கிறார்களா, அதை வைத்து எதையாவது மாற்றுகிறார்களா என்று கேளுங்கள்.

வீட்டிலும் ஒருநாள் முயன்று பாருங்கள். பத்து நிமிடம் உதவாமல், திருத்தாமல், போனில் வீடியோ எடுக்காமல் பிள்ளை பக்கத்தில் சும்மா உட்காருங்கள். 'அடம் பிடிக்கிறான்' என்று எழுதாதீர்கள், அது தீர்ப்பு. 'மூடியைத் திறக்க ஏழு தடவை முயன்றான், எட்டாவது தடவை நான் பிடுங்கியதும் அழுதான்' என்று எழுதுங்கள். யார் அடம் பிடித்தது என்று அப்போது தெரிந்துவிடும்.