28 லட்சம் பெண்களின் பெயரை நீக்கியவர்: யார் இந்த சுகுமார் சென்?

மேற்கு வங்கத் தலைமைச் செயலாளராக இருந்த ஐசிஎஸ் அதிகாரி சுகுமார் சென், 1950-ல் இந்தியாவின் முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் ஆனார். வாக்காளர்கள் 17 கோடிக்கும் மேல். பெரும்பாலானோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அப்போ எப்படி ஓட்டுப் போட்டாங்க?

வேட்பாளருக்கு ஒரு சின்னம், ஒவ்வொருவருக்கும் தனிப் பெட்டி. பிடிச்ச சின்னம் உள்ள பெட்டியில சீட்டைப் போட்டா போதும். தியேட்டர்களில் விளக்கப் படம், ஊர்களில் ஒத்திகைத் தேர்தல் என மக்களுக்குப் பாடம் நடந்தது.

வட மாநிலங்களில் பல பெண்கள் ‘இன்னாரோட மனைவி’ என்றே பதிந்தார்கள். சொந்தப் பெயர் சொல்லாத சுமார் 28 லட்சம் பேரை சென் நீக்கினார். அவர்களுக்கு அந்த முறை ஓட்டு இல்லை. கடுமையான முடிவுதான். ஆனால் 1957 தேர்தலில் பலர் சொந்தப் பெயரிலேயே பட்டியலில் வந்தார்கள்.

1953-ல் சூடான் தேர்தலையும் நடத்திக் கொடுத்த சென், 1963-ல் மறைந்தார்.